காயில் மாற்றிய ஞாயிறுகள்

சனிக்கிழமை காலை ஒரு முட்டை வேகவில்லை என்பதற்காக ஒரு மனுஷியை வீட்டைவிட்டு அனுப்புவது என்று முடிவானது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சமையலறையில் யாருக்கும் வரவில்லை.

முட்டையை வைத்தவள் மருமகள். பன்னிரண்டு நிமிடம் கழித்து எடுத்து உடைத்தால், வெள்ளைக்கரு வழுவழுவென்று தட்டில் ஓடியது. அடுப்புக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். சூடே இல்லை. புருஷன் வந்தான். அடுப்பை அணைத்துவிட்டு, குழியிலிருந்த காயிலைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். அதன் கால் இரண்டும் கருகியிருந்தன.

"மூணாவது," என்றான். "நாலு மாசத்துல மூணு காயில். அம்மா எத்தனை நாள் வெறும் அடுப்பை எரியவிட்டாங்களோ, யாருக்குத் தெரியும்."

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மின்சார அடுப்பு. மேலே நான்கு குழி, குழிக்கு ஒரு காயில், நான்கும் ஒரே அளவு. ஒவ்வொரு காயிலுக்கும் இரண்டு கால். அந்தக் கால்களைக் குழியின் ஓரத்திலிருக்கும் சாக்கெட்டில் செருகினால் மின்சாரம் பாயும், காயில் சிவக்கும். அவ்வளவுதான் சங்கதி. சுவரில் பிளக்கைச் செருகத் தெரிந்த யாருக்கும் இது புரியும். ஆனால் அந்த வீட்டில் அடுப்பைப் புரிந்துகொள்ளும் உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது.

புருஷன் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எங்காவது கார் மோதினால், போய்ப் பார்த்து, யாருடைய கவனக்குறைவு என்று எழுதிக் கொடுப்பது அவன் வேலை. பதினாறு வருடமாக அதையே எழுதி எழுதி, வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தாலும் அவன் தம்ளரைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்ப்பான். நாலு மாதம் முன்பு முன்பக்கத்து இடது அடுப்பு சரியாகச் சூடாகாமல் போனபோதும் அப்படித்தான். ஒரு புதுக் காயிலை வாங்கிப் போட்டான். கூடவே ஒரு திட்டமும் போட்டான். காரின் டயர்களை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப்போட்டால் நான்கும் சமமாகத் தேயும் அல்லவா, அதே போல வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நான்கு காயில்களையும் ஒரு குழி தள்ளித் தள்ளி மாற்றிப்போட ஆரம்பித்தான். "சுழற்சி முறை" என்று பெயர் வேறு. ஞாயிறு காலை அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைவதைப் பார்த்தால், ஏதோ ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் என்றே நினைக்கத் தோன்றும்.

"திங்கக்கிழமை அம்மாவைக் கொண்டுபோய் விட்டுடலாம்," என்றான் இப்போது, ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே. "முதல்ல ரெண்டு வாரம். பிடிச்சிருந்தா அப்படியே தொடரலாம். முதியோர் இல்லத்துல இடம் இருக்காம். அக்கா ஃபாரம் வாங்கி வச்சிருக்கா, நாளைக்கு எடுத்துட்டு வரா."

"யாருக்குப் பிடிச்சிருந்தா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஆரம்பிக்காத. அவங்க நல்லதுக்குத்தான். என்னைக்காவது வீடு பத்திக்கிச்சுன்னா?"

இத்தனைக்கும் மாமியார் அடுத்த அறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர், ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். மகன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. தாழ்த்த வேண்டிய அவசியம் போய்விட்டது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

அவர் மீது இருந்த குற்றச்சாட்டுகள் மூன்று. பாலை அடுப்பில் வைத்தேன் என்பார், போய்ப் பார்த்தால் பால் பச்சைத் தண்ணீராக இருக்கும். இல்லையென்றால் பொங்கி வழிந்து கிடக்கும். எல்லாத் திருகும் அணைந்திருக்கும்போதே அடுப்பங்கரையில் கருகல் வாடை அடிக்கும். காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகும். மூன்றையும் கூட்டிப் பார்த்து, அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று மகன் ரிப்போர்ட் எழுதிவிட்டான். போன சனிக்கிழமை அடுப்பின் முன்பக்கத்துத் திருகுகள் நான்கையும் உருவி எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். "நீ சமைக்கும்போது மட்டும் மாட்டு. வேலைக்குப் போறப்போ கையோட எடுத்துட்டுப் போயிடு." அவளும் எடுத்துக்கொண்டு போனாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சலவை நிலையத்தில் இஸ்திரி மெஷினோடு மாரடித்த நேரமெல்லாம் அவள் கைப்பைக்குள் வீட்டு அடுப்பின் நான்கு திருகுகளும் கிடந்தன.

மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய ஒட்டுறவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பதினோரு வருடமாக உப்புக்கும் ஈரத்துணிக்கும் ஜன்னலைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் முட்டிக்கொண்டவர்கள்தான். மாமியார் வீட்டில் இல்லாவிட்டால் அந்த அடுப்பங்கரை முழுக்க அவள் ராஜ்ஜியம். நியாயமாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். முப்பத்தொரு வருடம் மருந்துக்கடையில் நின்று சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் அவர். ஒரு நாள், ஒரு ஆளுக்கு, ஒரு மாத்திரை மாறிப்போனது கிடையாது. அப்படிப்பட்டவரைக் குறித்து முடிவெடுத்துவிட்டு இவன் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான்.

"கடைக்குப் போய் ஒரு காயில் வாங்கிட்டு வந்துடு," என்றான். "எனக்கு ஒரு லாரி பார்க்கணும். சாயங்காலம் ஆயிடும்."

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மிக்ஸி, ஃபேன், அடுப்பு, சலவை மெஷின் எல்லாவற்றின் குடலும் தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு நீளக் குகை. அதை நடத்துகிற பெண்மணிக்குக் கழுத்தில் கயிறு கட்டிய இரண்டு மூக்குக்கண்ணாடிகள், ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு. தெருவே அவரைக் கண்ணாடிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். மருமகள் நீட்டிய காயிலை வாங்கி, கிட்டத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் முதலில் பார்த்தது அதன் கால்களைத்தான்.

"இது எத்தனாவது?"

"மூணாவது."

"சாக்கெட்டை மாத்தினீங்களா?"

"சாக்கெட் எதுக்கு? காயில்தானே கெட்டுப்போகுது."

கண்ணாடிக்காரம்மா ஒரு மீட்டரை எடுத்து, அதன் இரண்டு கம்பிகளையும் காயிலின் கால்களில் வைத்து அழுத்தினார். முள் நகர்ந்தது. "காயிலுக்கு ஒண்ணுமே இல்ல. உயிரோடதான் இருக்கு. கால்தான் போச்சு. பாருங்க, பொத்தல் பொத்தலா அரிச்சிருக்கு. சாக்கெட்டுக்குள்ள இருக்கற கவ்வு தளர்ந்துபோச்சுன்னா இப்படித்தான் ஆகும். உள்ள பிடிப்பு இல்லாம ஆடும், பொறி தட்டும், கால் கருகும்."

"வெறும் அடுப்பை எரியவிட்டா இப்படி ஆகுமா?"

"அதுக்கு ஏன் கால் மட்டும் கருகணும்? யாரு சொன்னா?"

மருமகள் வேறொன்று கேட்டாள். "பால் வச்சா சில நாள் சூடே ஆகாது. சில நாள் பொங்கி வழிஞ்சிருக்கும்."

"ஆமா, பிடிப்பு விட்டு விட்டு வரும். அரை மணி நேரம் பச்சைப் பாலா இருக்கும். நீங்க அந்தப் பக்கம் போனதும் பிடிச்சுக்கும்."

"எல்லாத்தையும் அணைச்ச பிறகும் கருகல் வாடை வருது."

"வயரோட உறை கருகின வாடை. அது ரெண்டு நாள் ஆனாலும் போகாது." கண்ணாடிக்காரம்மா தூரத்துக் கண்ணாடிக்கு மாறி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன்மா, இந்தக் காயிலை வேற குழியில எதுலயாவது போட்டீங்களா?"

"எல்லாத்துலயும் போட்டோம். வாராவாரம் மாத்திப் போடுவார், கார் டயர் மாத்தற மாதிரி."

கண்ணாடிக்காரம்மா காயிலை மேசைமேல் வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று மருமகள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. "டயர் தேஞ்சா அதோட போச்சு, ரோட்டையா தேய்க்குது? இது ஒட்டுவாரொட்டிம்மா. அரிச்ச காலைக் கொண்டுபோய் நல்ல சாக்கெட்ல செருகினா அந்தக் கவ்வும் கெடும். கெட்ட சாக்கெட்ல நல்ல காயிலைப் போட்டா அதோட காலும் அரிக்கும். கெட்டது ஒண்ணே ஒண்ணு. வாரத்துக்கு ஒரு வீடா கூட்டிட்டுப் போய் விருந்து வச்சிருக்கார் உங்க வீட்டுக்காரர்."

பர்ஸை எடுக்கக் கைப்பைக்குள் கை விட்டாள். விரலில் திருகுகள் தட்டுப்பட்டன. அப்போதுதான் அவளுக்குச் சுள்ளென்று உறைத்தது. ஒரு வாரமாகத் திருகு அவள் பையில். ஒரு வாரமாக அவள் கையைத் தவிர வேறு கை பட்டு அந்த அடுப்பு எரியவில்லை. பிறகு இன்றைக்கு இந்தக் காயிலை எரித்தது யார்? இதைக் கேட்க இன்சூரன்ஸ் படிக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை கேட்கும். பதினாறு வருடம் சர்வே செய்தவன் கேட்கவில்லை. நாள் முழுக்க இஸ்திரி மெஷினோடு புழங்குகிறவள், பிளக் தளர்ந்தால் எப்படிச் சுடும், எப்படி நாறும் என்று மூக்கால் அறிந்தவள், அவளும் கேட்கவில்லை. யார்மேல் முதலில் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கோபம்.

"நாலு சாக்கெட் குடுங்க," என்றாள். "நாலு காயிலும். எப்படி மாட்டறதுன்னு சொல்லிக் குடுங்க, நானே மாட்டறேன்."

கண்ணாடிக்காரம்மா சூடு தாங்கும் வயரையும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்து, மூன்று விஷயங்களைச் சொன்னார். மெயினை அணைக்காமல் கையை வைக்கக் கூடாது. கருகிய வயர் நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று செம்பு தெரிகிற இடத்தில்தான் புதிதாகப் பொருத்த வேண்டும். எத்தனை ஆசையாக இருந்தாலும் பழைய காயில் ஒன்றைக்கூடப் புது சாக்கெட்டில் செருகக் கூடாது.

வீட்டுக்கு வந்து மெயினை அணைத்தாள். அடுப்பின் பிளக்கையும் பிடுங்கினாள். காயில்களை எடுத்துவிட்டு, மேல்தகட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். முன்பக்கத்து இடது சாக்கெட் விரல் பட்டதும் பாதியாக உடைந்து கையோடு வந்தது. பீங்கான் கன்னங்கரேல் என்றிருந்தது. அதற்குள்ளிருந்த கவ்வு வாயைப் பிளந்து கிடந்தது. மற்ற மூன்றும் அதன் தங்கைகள்.

நிமிர்ந்தபோது மாமியார் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிலைக்கு அந்தப் பக்கம், கால் விரல்கள் கோட்டைத் தாண்டாமல்.

"நான் உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

அந்த வீட்டை வாங்கியவர் அவர். அந்த அடுப்பை, அந்த மேடையை, அந்த ஜன்னலை வைத்தவர் அவர். அவர் தன் அடுப்பங்கரைக்குள் வர அனுமதி கேட்கிறார். மருமகளுக்குத் திருப்புளியைத் தூக்கி எங்காவது எறிய வேண்டும்போல் இருந்தது.

"இதென்ன கேள்வி அத்தை, வாங்க. வந்து டார்ச்சைப் பிடிங்க. உப்புத்தாள் எங்க இருக்கு?"

"என் அலமாரியில. மேல் தட்டு, வலது ஓரம், தைலப் புட்டிக்குப் பின்னால."

சொன்ன இடத்தில், சொன்ன புட்டிக்குப் பின்னால் உப்புத்தாள் இருந்தது. ஞாபகம் போனவராம். அதை இழுத்தபோது கூடவே ஒரு சின்ன நோட்டும் சரிந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் திறந்துகொண்டது. மருந்துக்கடைக் கணக்குக்குப் பழகிய கையெழுத்து, ஒரு எழுத்து இன்னொன்றை இடிக்காமல்.

"ஞாயிறு. மகன் காயில்களை மாற்றினான்.

திங்கள். பின்பக்கம் வலது. 6.10 பால் வைத்தேன். திருகு ஐந்தில். 6.30 பால் சூடாகவில்லை. திருகு ஐந்தில்தான் இருந்தது. 6.31 அணைத்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

புதன். முன்பக்கம் வலது. 4.00 தண்ணீர் வைத்தேன். 4.20 கொதிக்கவில்லை. அணைத்தேன். மூன்று முறை பார்த்தேன். 5.00 மகன் வந்து கருகல் வாடை என்றான். நான் அணைத்திருந்தேன்.

வியாழன். அணைத்தேன். ஐந்து முறை பார்த்தேன். நான் பார்த்தது சரிதானா?"

பக்கம் பக்கமாக இதுவேதான். எந்தக் குழி, எத்தனை மணி, திருகு எந்த எண்ணில், எந்த ஞாயிறு காயில் மாறியது, மறுநாள் எது வேலை செய்யவில்லை. கண்ணாடிக்காரம்மா கடையில் நின்று சொன்ன அத்தனையும் இந்த நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது. எழுதியவருக்கு மட்டும் அது அடுப்பின் நோய் என்று தெரியவில்லை. தன் நோய் என்று நினைத்துக்கொண்டு, ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார், தனக்கெதிராக. புருஷன் வரட்டும், இந்த நோட்டை அவன் மூஞ்சியில் வைத்துத் தேய்க்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"இன்று இரவு சாப்பாட்டில் சோறு அரைவேக்காடு. மருமகள் சொன்னாள்: 'அத்தைக்கு இப்பல்லாம் அடுப்பை வச்சோமா இல்லையான்னே ஞாபகம் இருக்கறதில்ல.' மகன் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். நாளையிலிருந்து எழுதிவைக்க வேண்டும்."

அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆமாம், சொன்னாள். சலவை நிலையத்தில் ஒரு கோட்டைக் கருக்கிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்த நாள் அது. சோறு பல்லில் கடிபட்டது. எரிச்சலில் நறுக்கென்று ஒன்று சொன்னால் மாமியார் திருப்பி ஒன்று சொல்வார், அதோடு தீரும் என்று வீசிய சொல். மாமியார் திருப்பிச் சொல்லவில்லை. மகன் அதைப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்க் காலில் விழவும் தோன்றவில்லை, நோட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவளாக இருக்கவும் முடியவில்லை.

நோட்டையும் உப்புத்தாளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாமியார் நோட்டைப் பார்த்தார். "படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"முதல் பக்கத்தையும்."

மாமியார் நோட்டை வாங்கி மேடைமேல் வைத்தார். பிறகு டார்ச்சைத் தகட்டுக்கு அடியில் திருப்பினார். "அந்தச் செவப்பு வயர் நுனி ரொம்பக் கருகியிருக்கு," என்றார். "அதை முதல்ல வெட்டு."

வெட்டினாள். உறையை உரித்தால் உள்ளே செம்பும் கறுத்திருந்தது. இன்னும் ஒரு விரற்கடை வெட்டிய பிறகுதான் மினுமினுப்பு வந்தது. அதோடு புது வயரை இணைத்துப் புதுச் சாக்கெட்டில் கொடுத்துத் திருகாணியை முறுக்கினாள். சாக்கெட் உட்கார்கிற தகட்டில் படிந்திருந்த கரியை உப்புத்தாளால் தேய்த்தாள். ஒரு சாக்கெட்டுக்கு அரை மணி நேரம் பிடித்தது. வேலை நடந்த நேரத்தில்தான் கடையில் கேட்டதையெல்லாம் சொன்னாள், கவ்வு, பொறி, ஒட்டுவாரொட்டி, எல்லாம். மாமியார் குறுக்கே பேசாமல் கேட்டார். மூன்றாவது சாக்கெட்டில் ஒரு திருகாணி தவறி அடுப்புக்குள் விழுந்தபோது மட்டும், "உன் கையில எது நின்னுது," என்றார். பதினோரு வருடத்தில் அந்த வசவு அத்தனை இனிமையாக அவள் காதில் விழுந்ததில்லை.

மேல்தகட்டை மூடி, புதுக் காயில்களைச் செருகினாள். ஒவ்வொன்றும் இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. திருகுகளை மாட்டி, மெயினைப் போட்டு, நான்கையும் எரியவிட்டாள். நான்கும் ஒரே சீராகச் சிவந்தன. வைத்த தண்ணீர் ஆறே நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது.

மாமியார் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"நான் ராத்திரி எழுந்து எழுந்து வந்து பாத்தேன். என் கண்ணையே நம்பல. பேப்பர்ல ஒரு பெரிய கணக்கை எழுதிப் போட்டுப் பாப்பேன், மூளை இருக்கான்னு." அவர் குரல் உடைந்தது. அழவில்லை. கோபத்தில்தான் உடைந்தது. "எல்லாரும் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்."

மருமகள் அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள், புருஷனுக்கு மூத்தவள். ஒரு கையில் பழப்பை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஃபாரம். வந்ததும் வராததுமாக அம்மாவின் கன்னத்தைத் தடவி, "என்னைத் தெரியுதாம்மா?" என்று கேட்டாள். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, காது கேட்காத குழந்தையிடம் கேட்பதுபோல. மருமகளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"அண்ணி, முதல்ல இங்க வாங்க. நீங்களும் வாங்க," என்று அவளையும் புருஷனையும் அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனாள். மேடைமேல் நான்கு கருகிய சாக்கெட்டுகளும் பழைய காயில்களும் ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துச் சொன்னாள். கவ்வைக் காட்டினாள். காலைக் காட்டினாள். நோட்டைத் திறந்து ஞாயிறுகளைக் காட்டினாள், ஞாயிறு மாற்றியது, திங்கள் கெட்டது, வரிக்கு வரி. "ஒரு வாரமா திருகு என் பையில. நேத்து எரிஞ்ச காயிலையும் அத்தைதான் எரிச்சாங்களா? மூச்சு விட்டு எரிச்சாங்களா?"

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. சாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"சரி, அடுப்பு விஷயம் வேற," என்றான் கடைசியில். "மொத்தமா பார்க்கும்போது வயசும் ஆகுதில்ல."

"மொத்தமா என்ன இருக்கு? இந்த அடுப்பைத் தவிர ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவன் யோசித்தான். நாத்தனாரும் யோசித்தாள். அவளிடம் ஃபாரம் மட்டும்தான் இருந்தது.

"சரி விடு, ஃபாரம் வேண்டாம்," என்றான் பெருந்தன்மையாக. "அம்மா இங்கயே இருக்கட்டும். விஷயத்தை இத்தோட விட்டுடலாம்."

"விட முடியாது," என்றார் மாமியார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. வாசலில் நிற்காமல் நேராக மேடைக்கு வந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனாவை எடுத்தார். "எனக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு யார் யார்கிட்ட சொன்னீங்க?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். ஒவ்வொரு பெயராகப் பிடுங்க வேண்டியிருந்தது. சித்தியிடம், அதாவது மாமியாரின் தங்கையிடம், சொல்லியிருந்தார்கள். மாமாவிடம். எதிர்வீட்டு டீச்சரிடம். மருந்துக்கடையில் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரிடம். எழுதி முடித்தபோது ஒன்பது பேர்.

"ஒன்பது பேருக்கும் போன் போட்டு, அது உண்மை இல்லன்னு சொல்லணும்," என்றார் மாமியார்.

"அசிங்கமா இருக்கும்மா," என்றான் மகன். "இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு. தானா தெரிஞ்சுக்குவாங்க."

"ஞாபகம் போச்சுன்னு சொல்லும்போது தானா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டீங்களா?" என்று எகிறினாள் மருமகள். "அப்ப வாய் வலிக்கல. இப்ப அசிங்கமா? போடுங்க போனை."

"அவன் முதல்ல பேச வேண்டாம்," என்றார் மாமியார். "முதல்ல சொன்னது அவன் இல்ல."

"பின்ன யாரு?" என்று கேட்டான் புருஷன். அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை.

மாமியார் யார் பெயரையும் சொல்லவில்லை. மருமகளைப் பார்க்கவும் இல்லை. பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மருமகளுக்குக் காது மடல் சுட்டது. இவ்வளவு நேரம் அவள் போட்ட சத்தம் முழுக்க அவள் வாய்க்கே திரும்பி வந்து அடைத்துக்கொண்டது. அவள் தன் போனை எடுத்துச் சித்தியின் எண்ணைப் போட்டாள்.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார் மாமியார்.

போட்டாள். சித்தியின் குரல் அடுப்பங்கரை முழுக்கக் கேட்டது. "சொல்லும்மா. அக்கா எப்படி இருக்கா? நாளைக்குத்தானே கொண்டுபோறீங்க? பாவம்மா. போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை வந்து பாக்கட்டுமா? என்னை அடையாளம் தெரியுமா அவளுக்கு?"

மாமியார் அசையவில்லை. மேடையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன.

"சித்தி," என்றாள் மருமகள். "அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எதையும் மறக்கல. அடுப்புதான் கெட்டிருந்தது. அத்தைக்கு ஞாபகம் இல்லன்னு முதல்ல சொன்னது நான்தான். தெரிஞ்சு சொல்லல. எரிச்சல்ல சொன்னேன். அது பொய்."

"அக்கா பக்கத்துல இருக்காளா?" என்று சித்தி மெல்லக் கேட்டாள்.

"இருக்கேன்," என்றார் மாமியார். "அப்புறம் பேசறேன். இன்னும் எட்டு பேர் பாக்கி இருக்காங்க." போனை மருமகளின் கையிலிருந்து வாங்கி, அணைத்து, மகன் முன்னால் வைத்தார்.

"அடுத்தது உன் மாமா. நீ பேசு," என்றார். "நான் கேக்கறேன்."